கத்திக்கு முந்தைய நாட்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை அல்ல. மாரடைப்புக்கும் குடல்வால் வெடிப்புக்கும் மணிக்கணக்கு உண்டு. மார்பில் வளர்ந்த கட்டிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு அது வளர்வதற்கே மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். பயாப்ஸி முடிவு வந்த நாளுக்கும் அறுவை அரங்குக்குள் போகும் நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் இருப்பதால் நோய் கைமீறிவிடாது. அதைத் தாண்டி மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் ஆபத்து. அறுவை சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தாமதமாகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே ஓடி ஒளிவதற்கு நேரமில்லை. தயாராவதற்கு நேரம் இருக்கிறது.

அந்த நேரம் யாருடையது என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் அது அந்தப் பெண்ணின் கைக்கு வருவதே இல்லை. கணவர் பணத்துக்கு அலைகிறார். மகன் இணையத்தில் மருத்துவமனைகளைத் தேடுகிறான். கொழுந்தனார் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் மட்டும் அடுப்படியில் நின்று, தான் இல்லாத பத்து நாளைக்கு வேண்டிய மிளகாய்த்தூளையும் சாம்பார் பொடியையும் அரைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

'அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க.' புற்றுநோய் மருத்துவர்கள் வாரம் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. அன்பால்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். மருத்துவமனை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை அவர் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், வரிசையில் பக்கத்தில் தலைமுடி கொட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசினால் எல்லாம் விளங்கிவிடும். பிள்ளைகளுக்காக அவரும் தெரியாததுபோல இருக்கிறார். ஒரே வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, தனித்தனியாக அழுதுகொண்டு, அறுவை சிகிச்சை நாளை எதிர்கொள்கிறார்கள். உடம்பைத் தயார்செய்வது பற்றிப் பின்னால் எவ்வளவோ சொல்லலாம். முதல் தயாரிப்பு, அவரிடம் உண்மையைச் சொல்வது. என்ன நோய், எந்த நிலை, எதை எடுக்கப்போகிறார்கள், அதற்குப் பிறகு என்ன என்ற நான்கும் அவர் காதில் விழ வேண்டும்.

சொல்லாமல் செய்யும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில் மார்பக அறுவை நடந்தது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கத்தி பிடித்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நாள் குறித்தால் அந்தப் பெண் அதை நினைத்தே துவண்டுவிடுவார் என்று மருத்துவர்கள் முன்கூட்டித் தேதி சொல்லவில்லை. அன்று காலையில் வந்த ஒரு கடிதத்தில்தான், இன்றே வருகிறோம் என்ற செய்தி இருந்தது. கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அதற்குப் பிறகு அவர் 29 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த அனுபவத்தைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்கு மாதங்கள் பிடித்தன.

மயக்க மருந்து வந்த பிறகும் இந்த மனப்போக்கு மாறிவிடவில்லை. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்த முறையில் மார்பகம், அதன் கீழுள்ள மார்புத் தசைகள், அக்குள் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டு அதுவே வேதமாக இருந்தது. பயாப்ஸிக்கும் முழு அறுவைக்கும் ஒரே மயக்கம்தான். கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து அங்கேயே உறையவைத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் உடனே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண் விழித்த பிறகு கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு நோய் இருந்ததா இல்லையா என்று பெண் தெரிந்துகொள்வாள். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974இல் இதற்கு உடன்பட மறுத்தார். முதலில் பயாப்ஸி, முடிவை என்னிடம் சொல்லுங்கள், பிறகு நான் யோசிக்கிறேன் என்றார். பல மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பயாப்ஸியும் அறுவையும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு, ஊசியால் சதை எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி முடிந்து அறுவைக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் அந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு. அந்த இடைவெளியை அவருக்குத் தெரியாமலே மற்றவர்கள் செலவழித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றிய வழக்கு அது. வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்காக, உயிர் ஆபத்து இல்லாத நிலையில், வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஒப்புதல் படிவத்தில் கணவர் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து மட்டுமே. முடிவெடுக்கும் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. அந்தத் தாளை முந்தைய நாளே கேட்டு வாங்கி, தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

எதை எடுக்கப்போகிறார்கள்?

முழு மார்பகத்தையும் எடுப்பதா, கட்டியையும் சுற்றியுள்ள சிறிது சதையையும் மட்டும் எடுப்பதா? பொருத்தமான நோயாளிகளில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகத்தையே எடுத்தவர்களும் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரே அளவில் உயிர் பிழைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்தோ வெரோனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் முடிவு இது. இரண்டும் 2002இல் வெளியாயின. 'முழுசா எடுத்துட்டா பயமில்லை' என்று உறவினர்கள் சொல்வதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

அதற்காக, மார்பகத்தைக் காப்பாற்றுவதே எல்லோருக்கும் சரி என்றும் சொல்ல மாட்டேன். கட்டி ஒன்றுக்கு மேல் பரவலாக இருந்தாலோ, மார்பகத்தின் அளவோடு ஒப்பிடக் கட்டி பெரிதாக இருந்தாலோ முழுதாக எடுப்பதே வழியாகலாம். சிலருக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்கிறார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் அதன் பிறகு பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் போலக் கதிர்வீச்சுக்குப் போய்வர வேண்டியிருக்கும். கதிர்வீச்சுக் கருவி இருக்கும் ஊர் எட்டாத தூரத்தில் இருந்து, நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் ஒரு பெண், 'எடுத்துடுங்க டாக்டர்' என்று சொன்னால் அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பதையும் டாக்டரிடம் சொல்லித்தான் பேச வேண்டும். எடுத்த இடத்தில் முதுகுத் தசையைக் கொண்டோ சிலிக்கான் வைத்தோ மார்பகத்தைச் சீரமைக்க முடியுமா, அதே நாளிலா பின்னாலா என்பதையும் அறுவைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு' என்று மற்றவர்கள் பதில் சொல்ல இடம் தரக் கூடாது.

அக்குளில் என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. முடிச்சுகளில் நோய் ஏறவில்லை என்று தோன்றினால், நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். சாயம் போட்டால் மறுநாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துபோகிறவர்கள் உண்டு. முடிச்சுகளை மொத்தமாக எடுத்தால் பிற்பாடு கை வீங்கும் வாய்ப்பு அதிகம். மேல் கையின் உட்புறம் மரத்துப்போகவும் கூடும். சிலருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

'கத்தி பட்டா பரவிடும்.' கிராமம், நகரம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா இடத்திலும் உலவும் பேச்சு இது. ஊசி போட்டுச் சதை எடுத்தாலே பரவும் என்றும் சொல்வார்கள். நோய் முற்றிய நிலையில் அறுவைக்கு வந்து, அதன் பிறகு இறந்துபோனவர்களைப் பார்த்த ஊர், கத்தியின் மேல் பழி போட்டுவிட்டது. பயாப்ஸி செய்வதாலோ முறையான அறுவையாலோ நோய் முற்றுவதில்லை. இந்தப் பயத்தால் நாட்டு வைத்தியம், பத்தியம் என்று ஆறு மாதம் கழித்து வரும்போது, எளிதில் எடுத்திருக்கக்கூடிய கட்டி தோலைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

அறுவையின்போது கட்டியைக் கையாள்வதால் ஏதாவது செல்கள் வெளியேறுமா என்ற கேள்வியை மருத்துவ உலகமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில், ஏறக்குறைய 1,600 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நேரடியாக அறுவைக்குச் சென்றவர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கத்தி வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே, அதே மருந்து. ஐந்து ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4 சதவீதம். முடிவு 2023இல் வெளியானது. மருந்தின் விலை மிகக் குறைவு. 'எனக்கு அந்த ஊசி போடுவீங்களா டாக்டர்?' என்று அறுவைக்கு முன்பு கேட்பதில் தவறே இல்லை.

உடம்பு

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அறுவைக்கு வருபவர்களும் இதே பெண்கள்தான். ஹீமோகுளோபினை ஒரே இரவில் ஏற்ற முடியாது. இரும்புச்சத்து மாத்திரைக்கு வாரங்கள் வேண்டும். நேரம் குறைவென்றால் நரம்பு வழியே செலுத்துவார்கள். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேதி குறித்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அது. பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தை இந்த மூன்று வாரமாவது கைவிட்டாக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர் தட்டில் முதலில் பரிமாறுவது.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் ஆப்பிளும் வாங்கி வருவார்கள். சர்க்கரை இருப்பவருக்கு இவை உதவாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும். சர்க்கரைக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவைக்கு மூன்று நாள் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அவற்றில் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நாமாக நிறுத்துவதும் தப்பு, சொல்லாமல் தொடர்வதும் தப்பு. சித்த மருந்து, லேகியம், கஷாயம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிகளும் அதைச் சொல்வதில்லை. புகையிலை காயம் ஆறுவதைக் கெடுக்கும். அறுவை முடிந்து ஆறும்வரையாவது அதை விட வேண்டும்.

தினமும் அரை மணி நேர நடை, மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகுவது, கைப் பயிற்சி. இந்த மூன்றையும் முன்பே தொடங்கலாம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறும் பயிற்சியை வலி இல்லாதபோது பழகினால், பின்னால் தையலோடு செய்வது எளிது. அறுவைக்கு முன் கை எவ்வளவு உயரம் போனது என்று சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு எட்ட வேண்டிய இடம் அது.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பட்டியலில் கடைசியாக இருக்கும் பெண் மறுநாள் மத்தியானம் வரை வாடிக் கிடப்பார். திட உணவுக்கும் பால், காபிக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பதே இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. சிலருக்கு இது மாறும். 'எத்தனை மணி வரை தண்ணி குடிக்கலாம்?' என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் பற்றிய கவலையை இந்த வாரங்களிலேயே ஓரளவு தீர்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால் ரேஷன் கார்டு, ஆதார், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். மனக் கவலைக்கும் உதவி உண்டு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற பெரிய மருத்துவமனைகளிலும் ஆலோசகர் இருப்பார். யாராவது அனுப்பிவைப்பார்கள் என்று காத்திருக்காமல் கேட்டுப் போகலாம்.

தாலி

அறுவை அரங்குக்குப் போகும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உலோகம் படும் இடத்தில் தோல் வெந்துபோகலாம். வளையல், மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நகப்பூச்சும் இருக்கக் கூடாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவிக்கு அது தடை.

மார்பகத்தை இழக்கப்போகும் நாளின் விடியற்காலையில், அரைகுறை வெளிச்சத்தில், அவசரப்படுத்தும் குரலுக்கு நடுவே ஒரு பெண் தன் கையாலேயே தாலியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முந்தைய இரவு முழுக்கக் கலங்காமல் இருந்த என் பெரியம்மா உடைந்துபோனது அந்த ஒரு நிமிடத்தில்தான். மார்புக்காக அவர் அழவில்லை. 'முப்பது வருசமா கழட்டினதே இல்லையே' என்று அழுதார். இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இது முந்தைய நாளே வீட்டிலேயே, விளக்கேற்றி, கணவர் கையால் கழற்றி வாங்கி வைக்கும் விஷயமாக ஆகலாம். அதற்குப் பதில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. கழுத்தில் வேண்டாம் என்றால் அறுவை நடக்காத பக்கக் கையில் கட்டிக்கொள்ளச் சில மருத்துவமனைகளில் சிஸ்டர்களே உதவுகிறார்கள். முன்பே கேட்டுவைத்தால் போதும். அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற ஒரு வழி இருக்கும்.

உடைகளையும் யோசித்து எடுத்துவைக்க வேண்டும். தலை வழியே போடும் எதுவும் சில வாரங்களுக்கு ஆகாது. முன்பக்கம் ஜிப் அல்லது பொத்தான் வைத்த நைட்டி, தளர்வான முன்கொக்கி ரவிக்கை, கணவரின் பழைய பருத்திச் சட்டை போன்றவை உதவும். மார்பகத்தையோ அக்குள் முடிச்சுகளையோ எடுத்தால், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ஒரு குழாயும் அதன் முனையில் பிளாஸ்டிக் டப்பாவும் வைத்துத்தான் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். தினமும் அளந்து எழுதி, அளவு குறைந்த பிறகுதான் எடுப்பார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொள்ளப் பழைய புடவைத் துணியில் நாடா வைத்த ஒரு பை தைத்துவைத்தால் நடக்கும்போது தொங்கி இழுக்காது.

மனத்தைத் தயார்செய்வதற்கு ஒரே வழி என்று எதுவும் கிடையாது. சிலர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தங்கள் உடம்பைக் கடைசியாக ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்குப் பாலூட்டிய நாட்களை நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் பார்க்கவே விரும்புவதில்லை. இரண்டும் சரிதான். 'உசுரு முக்கியமா அது முக்கியமா' என்று கேட்கிறார்களே, அது ஆறுதல் அல்ல. அழக்கூட விடாமல் வாயை அடைக்கும் பேச்சு. கணவர்களும் முன்பே பேச வேண்டும். அறுவைக்குப் பிறகு தழும்பை எப்போது பார்ப்பது, பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவு மனைவியுடையதாக இருக்கட்டும். ஆனால் 'நான் பார்க்கத் தயங்க மாட்டேன்' என்ற வார்த்தை அதற்கு முன்பே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு கட்டி, டாக்டர் எடுக்கப்போகிறார், கொஞ்ச நாள் தூக்க முடியாது என்று சொல்லிவிடலாம். இது தொற்றுநோய் அல்ல. தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அறுவை நாளன்று எந்தப் பக்கம் என்பதை அவர் விழித்திருக்கும்போதே தோலில் மையால் குறிப்பார்கள். பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று இரண்டு மூன்று பேர் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எல்லாவற்றையும் மறந்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்பு முறை அது. தன் வாயாலேயே பதில் சொல்வது நல்லது.

வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரு தயாரிப்பு தேவை. பல மருத்துவமனைகளில் அறுவை முடியும் தறுவாயில் கதவு திறந்து, 'பேஷண்ட்டோட சொந்தக்காரங்க யாரு?' என்று கூப்பிட்டு, அகற்றிய சதையைத் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள். எதிர்பாராமல் போய் நின்ற பதினெட்டு வயது மகளால் அதை எத்தனை வருடத்துக்கு மறக்க முடியும்? யார் போய்ப் பார்ப்பது என்பதை முன்பே முடிவுசெய்து கொள்ளுங்கள். பார்க்க வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சதை நோயியல் ஆய்வுக்குப் போகும். கட்டியின் அளவு, விளிம்பில் நோய் மீதமிருக்கிறதா, அக்குளில் எத்தனை முடிச்சுகளில் ஏறியிருக்கிறது, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். கீமோவா, கதிர்வீச்சா, மாத்திரையா என்பது அந்தத் தாளைப் பார்த்து முடிவாகும். வர ஒன்றிரண்டு வாரமாகும். டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.